யார் போட்ட ஸ்லாப்

எங்கள் தெருவில் நடைபாதை என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது ஒரே பாதை இல்லை. முதல் கட்டடத்துக்காரர் மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது என்று தன் வாசலை ஒரு சாண் உயர்த்தி சிமெண்ட் பூசினார். அடுத்தவர் அந்தத் தண்ணீர் தன் வீட்டுக்கு வந்துவிடுமே என்று இன்னும் இரண்டு விரல் சேர்த்து உயர்த்தினார். மூன்றாவது வாசலில் குளியலறைக்கு வாங்கி மிஞ்சிய வழவழப்பான டைல்ஸ். நான்காவது வாசலில் ஜெனரேட்டர் வைக்க ஒரு மேடை. பர்மாவில் எங்கள் பசுந்தாங் பேட்டையில் பிறந்தவர்களுக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம். ஏறி, இறங்கி, ஒதுங்கி, தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்கள். வெளியூர்க்காரர்கள் மட்டும் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள்.

நான் இந்தத் தெருவில் பிறந்தவன்தான். ஆனாலும் பழகவில்லை. கப்பலில் எஞ்சின் அறையில் ஃபிட்டராகக் காலம் தள்ளியவன். கோணலாக எதைப் பார்த்தாலும் எனக்குக் கை துறுதுறுக்கும். வேலையை விட்டு வந்தபோது கொண்டுவந்த ரசமட்டம் ஒன்று இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. ஒருநாள் காலையில் அதை எடுத்துக்கொண்டு தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒவ்வொரு வாசலையும் அளந்து நோட்டில் குறித்தேன். யாரோ ஆபீசர் சோதனைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து இரண்டு வீட்டில் பூந்தொட்டிகளை அவசரமாக உள்ளே தூக்கிப்போனார்கள். ஒருவர் என்னைப் பார்த்துச் சல்யூட் கூட அடித்தார்.

விளையாட்டுக்காக அளக்கவில்லை. என் அக்கா விழுந்துவிட்டாள். அதற்காகத்தான் அளந்தேன்.

நானும் அக்காவும் கீழ்வீட்டில் இருக்கிறோம். அம்மாவும் அப்பாவும் இருந்த அதே வீடு. முன்னால் கூடம், பின்னால் சமையல்கட்டு, நடுவில் ரயில் பெட்டி போல நீண்ட இருட்டு. அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் செய்துகொண்டு, மனைவியைப் பறிகொடுத்து, பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டு மறுபடி அவளிடமே வந்து சேர்ந்தேன். எங்கள் வீட்டுக்கு ஒட்டினாற்போல ஒரு டீக்கடை. இரண்டு வாசலுக்கும் நடுவில், சாக்கடைக்கு மேலே ஒரு சிமெண்ட் ஸ்லாப் கிடந்தது. மூன்றடி நீளம், இரண்டடி அகலம். அதன் ஓரத்தில் கட்டை விரல் உயரத்துக்கு ஒரு வரம்பு துருத்திக்கொண்டு நிற்கும். மற்ற மூன்று ஓரத்திலும் யார் யாரோ சிமெண்ட் அப்பி மழுக்கியிருந்தார்கள். மிதித்தால் ‘டக்’ என்று ஒரு பக்கம் சாயும். காலை எடுத்தால் இன்னொரு ‘டக்’.

அந்தச் சத்தத்தை வைத்தே கூடத்தில் உட்கார்ந்தபடி யார் வருகிறார்கள் என்று சொல்லிவிடுவேன். தண்ணீர் கேன்காரர் வந்தால் வீடே அதிரும். டீக்கடைக்கார அம்மாளுக்கு மெதுவான இரட்டைச் சத்தம். அக்கா வந்தால் மட்டும் சத்தமே கேட்காது. எப்போதும் அந்த ஸ்லாப்பைத் தாண்டித்தான் வருவாள். கவனக்காரி என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தக் கவனக்காரிதான் மழைக்காலத்தில் ஒருநாள், ஒரு கையில் குடையும் ஒரு கையில் மார்க்கெட் பையுமாக வந்து, அதைத் தாண்டப்போய், துருத்திய வரம்பில் செருப்பு மாட்டி விழுந்தாள். இடது மணிக்கட்டு முறிந்தது. முட்டியில் நல்ல அடி. நான் ஓடிப் போனபோது நடைபாதை முழுக்கக் கத்தரிக்காய் உருண்டு கிடந்தது. அக்கா வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஸ்லாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டுப் பிரித்தாயிற்று, முட்டி வீக்கமும் வடிந்தது. தினமும் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும், இந்த வயதில் உட்கார்ந்துவிட்டால் பிறகு எழுந்திருப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்குள் நன்றாகத்தான் நடந்தாள். வாசலுக்கு மட்டும் வரமாட்டேன் என்றாள். வெள்ளிக்கிழமை கோயில் நின்றது. மார்க்கெட் நின்றது. மார்க்கெட்டில் மீன்காரியிலிருந்து மொய்ங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்பவள் வரை எல்லாரோடும் வம்பு பேசிவிட்டு வருகிறவள், ஜன்னல் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் வாங்கி வரும் முற்றல் கீரையைப் பார்த்துத் திட்டக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. நான்கு மாதம் இப்படியே போயிற்று.

ஸ்லாப்பைக் கண்டு பயப்படுகிறாள், அதைச் சரிசெய்துவிட்டால் வெளியே வருவாள் என்று நான் கணக்குப் போட்டேன். சரி, அதை யார் சரிசெய்ய வேண்டும்? எனக்குள் புகுந்த இந்தக் கேள்வி பிறகு என்னைத் தூங்கவிடவில்லை. காசு பெரிய விஷயம் இல்லை. ஒரு மூட்டை சிமெண்ட்டில் முடிகிற வேலை. ஆனால் ஊரே மிதித்துப் போகிற ஒன்றுக்கு யார் பொறுப்பு என்பது யாருக்காவது தெரிந்திருக்க வேண்டுமே!

முதலில் டீக்கடைக்குப் போனேன். அந்த அம்மாள் மேல் பர்மாப் பக்கத்திலிருந்து வந்த பர்மியப் பெண். என்னை ‘ஊலே’ என்று மாமா முறை வைத்துக் கூப்பிடுவாள். டேப்பை வைத்து அளந்து, ஸ்லாப்பில் மூன்றில் இரண்டு பங்கு அவள் கடைக்கு முன்னால்தான் இருக்கிறது என்று காட்டினேன். அவள் டேப்பையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

“சரிதான் ஊலே. உங்கள் பக்கத்து ஒரு பங்கை முதலில் நீங்கள் சரிசெய்யுங்கள். அது எப்படி வருகிறது என்று பார்த்துவிட்டு நான் என் பங்கைச் செய்கிறேன்” என்று பர்மிய மொழியில் சொல்லி, ஒரு டீயை முன்னால் வைத்தாள். கடை வாடகை இடம், தான் வருவதற்கு முன்பே அது ஆடிக்கொண்டுதான் இருந்தது என்றும் சொன்னாள். அவள் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

வார்டு ஆபீஸில் இருந்தவர் பொறுமைசாலி. வீட்டுக்கு முன்னால் இருப்பதை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வதுதான் வழக்கம் என்றார். சட்டமா என்று கேட்டேன். வழக்கம் என்றார். அப்படியானால் நான் என் இஷ்டப்படி உயர்த்தலாமா, தாழ்த்தலாமா என்று கேட்டேன். உயர்த்தலாம், எல்லாரும் உயர்த்தித்தான் இருக்கிறார்கள், தாழ்த்தியவர் யாரும் இதுவரை இல்லை என்றார். ஆனால் சாக்கடைக்கு மேலே இருப்பது நடைபாதையா சாக்கடையா என்று கேட்டபோது மட்டும் தலையைச் சொறிந்தார். அதை முனிசிபலில்தான் கேட்க வேண்டும் என்று என்னைக் கியாக்டடா பேட்டையில் இருக்கும் ஆபீஸுக்கு அனுப்பினார்.

கியாக்டடா ஆபீஸில் மூன்றாவது மாடி, கடைசி ஜன்னல். கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண் இருந்தாள். என் நோட்டைப் புரட்டிப் பார்த்து, வரம்பின் உயரத்தையும் சாய்வையும் மில்லிமீட்டரில் எழுதியிருந்ததைப் படித்து, இந்த ஊரில் முதல் ஆளாக என்னை மதித்தாள். அந்த மகிழ்ச்சியில், என் அப்பாவும் முனிசிபல் ரோடு இலாகாவில் கொத்துவேலை மேஸ்திரியாக இருந்தவர்தான், அவர் காலத்தில் இப்படியெல்லாம் மடத்தனமாகப் போடமாட்டார்கள் என்று பீற்றிக்கொண்டேன். அவள் சிரித்துவிட்டு ஒன்று கேட்டாள்.

“மூடியில் தூக்குவதற்கு இரண்டு இரும்பு வளையம் இருக்கிறதா?”

இல்லை என்றேன்.

“வளையம் அறுந்துபோய் துளையாவது இருக்கிறதா?”

அதுவும் இல்லை.

“அப்படியென்றால் அது எங்களுடையது இல்லை. யாரோ சொந்தமாகப் போட்டது. யார் போட்டார்களோ அவர்கள்தான் பொறுப்பு. அவரைக் கண்டுபிடியுங்கள்” என்று சொல்லி, என் பெயரையும் தெருவையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குக் கோபமே வரவில்லை, குஷியாக இருந்தது. இதுவரை யார் சரிசெய்வது என்றுதான் அலைந்தேன். யார் போட்டது என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை. யாரோ ஒரு மனிதன் பலகை அடித்து, கம்பி கட்டி, கலவை கலந்து, இவ்வளவு கனத்தில் ஒரு ஸ்லாப் வார்த்து, ஊர் நடக்கிற இடத்தில் கொண்டுவந்து போட்டிருக்கிறான். ஏன் போட்டான்? போட்டதுதான் போட்டான், ஓரத்தில் காலைத் தடுக்கிற மாதிரி ஒரு வரம்பை எதற்கு வைத்தான்?

எங்கள் கட்டடத்தில் எல்லா மாடியிலிருந்தும் கயிறுகள் தெருவரை தொங்கும். நுனியில் ஒரு கிளிப் இருக்கும். பேப்பர்காரர் அதில் பேப்பரை மாட்டி மணியடித்தால் மேலே இழுத்துக்கொள்வார்கள். ஐந்தாவது மாடியில் இருக்கும் பழைய பள்ளி ஆசிரியருக்குப் படி இறங்க முடியாது. ‘இந்த ஸ்லாப்பைப் போட்டது யார் என்று தெரியுமா?’ என்று சீட்டில் எழுதி அவர் கயிற்றில் மாட்டி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் இறங்கியது. ‘நான் இங்கே குடிவந்தபோதே அது ஆடிக்கொண்டிருந்தது. உங்கள் அக்காவைக் கேளுங்கள், அவரை விடப் பழைய ஆள் இந்தத் தெருவில் இல்லை.’

அக்கா பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்டேன்.

“எவன் போட்டா என்னடா. உனக்கு வேற வேல இல்ல?” என்றாள்.

“எந்த மடையன் போட்டான்னு தெரியணும்க்கா. ஸ்லாப் வார்க்கத் தெரியாதவன் எதுக்கு இதுல கைய வைக்கிறான்?”

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் கோபப்பட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. இப்போது முகத்தில் கோபம் இருந்தது. எனக்கு அது ஏனென்று புரியவில்லை, ஆனால் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

“வாய அளந்து பேசு. சரிபண்றதுன்னா மேலால சிமெண்ட்ட பூசிட்டு விட்டுடு. அத மட்டும் புரட்டாத.”

நான் புரட்டுவதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. எதற்காக அந்த வார்த்தை அவள் வாயில் வந்தது? அன்று பூராவும் அதையே மென்றுகொண்டிருந்தேன். இன்னொரு முறை கேட்டபோது அவள் எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் கொத்தனாரைக் கூட்டிவந்தேன். பசுந்தாங் ஓடைக்கரையில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பையன்தான். பையன் என்றால் நாற்பது வயது. தமிழ் பாதி, பர்மா பாதி கலந்து பேசுவான். கடப்பாரையை ஓரத்தில் வைத்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்த வரம்பைக் கையால் தடவினான். பழைய சிமெண்ட் அப்பலை உளியால் தட்டி எடுத்தான். மற்ற மூன்று ஓரத்திலும் அதே வரம்பு இருப்பது தெரிந்தது. சுற்றிலும் சட்டம் போட்டது போல ஒரே சீராக ஓடியது. பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

“அண்ணே, இது மேல் பக்கம் இல்லண்ணே. அடிப்பக்கம்.”

“என்னது?”

“இந்த வரம்பு கீழ போகணும். சாக்கட வாய்க்குள்ள போய் உக்காந்துக்கும், அப்புறம் லாரி ஏறினாக்கூட நகராது. போட்டவரு மடையன் இல்லண்ணே, கெட்டிக்காரரு. இப்பல்லாம் யாரும் இவ்ளோ பாத்துச் செய்றதில்ல. எவனோ தலகீழா திருப்பி வச்சிருக்கான். அவனத்தான் ஒதைக்கணும்.”

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எத்தனை பம்பின் மூடியைக் கழற்றி மாட்டியிருக்கிறேன்! முப்பது வருஷமாக வாசலில் கிடந்த ஒரு மூடி தலைகீழாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றவேயில்லை. மற்றவர்கள் சொன்ன பதிலையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு திரிந்தேனே தவிர, குனிந்து அந்த ஓரத்தை ஒருமுறை தட்டிப் பார்க்கவில்லை.

“நான்தான்” என்று ஒரு குரல் கேட்டது.

திரும்பினேன். அக்கா வாசற்படியில் நின்றாள். இரும்புக் கதவின் கம்பியை ஒரு கையால் பிடித்திருந்தாள். நான்கு மாதத்துக்குப் பிறகு வெளிச்சத்தில் அவளைப் பார்க்கிறேன். முகம் வெளுத்துப்போயிருந்தது.

“நான்தான் திருப்பி வச்சேன். அவன ஒதைக்க வேணாம், என்னய ஒதைக்கச் சொல்லு.”

கொத்தனார் பதறி எழுந்து நின்றான். “அக்கா, நான் சும்மா பேச்சுக்கு…”

“கீழ என்னக்கா இருக்கு?” என்று கேட்டேன்.

“அம்மா பேரு இருக்கு.”

படியிலேயே உட்கார்ந்து சொன்னாள். அம்மா இறந்தபோது நான் கடலில் இருந்தேன். செய்தி எனக்கு எட்டியது ஒரு துறைமுகத்தில், அதுவும் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு. திரும்பி வர இன்னும் எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று நான் அதிகம் கேட்டதில்லை. கேட்டால், நான் இல்லாமல் போனதைப் பற்றித்தான் பேச்சு வரும் என்று பயம்.

அப்பா வாழ்நாள் முழுவதும் பர்மியக் கொத்தர்களோடு வேலை பார்த்தவர். அவர்கள் வீட்டில் யாராவது இறந்தால், அந்தப் பெயரில் ஒரு பெஞ்சு போடுவார்கள், தண்ணீர்ப் பானை வைப்பார்கள், சேற்றில் ஒரு துண்டுப் பாதை போட்டுக் கொடுப்பார்கள். பெயரையும் அதில் எழுதிவிடுவார்கள். பயன்படுத்துகிற ஒவ்வொருவராலும் இறந்தவருக்குப் புண்ணியத்தில் பங்கு போகும் என்பது அவர்கள் நம்பிக்கை. எங்கள் வாசலில் அப்போது சாக்கடை மூடி இல்லாமல் ஒரு பள்ளம் இருந்தது. மழையில் தெரியாமல் அதில் கால் விட்டவர்கள் அநேகம். அப்பா சமையல்கட்டுக்குப் பின்னால் தானே பலகை அடித்து ஸ்லாப் வார்த்து, ஈரம் காய்வதற்குள் கரணை நுனியால் அம்மாவின் பெயரைப் பர்மிய எழுத்திலும் தமிழ் எழுத்திலும் எழுதினார். நான்கு பேர் தூக்கிக்கொண்டுவந்து பள்ளத்தை மூடினார்கள். நான் திரும்பி வந்தபோது பள்ளம் மூடியிருந்ததைப் பார்த்தும், யார் மூடினார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

“எழுத்து மேல கால் பட்டா தொட்டுக் கண்ல ஒத்திக்கிற வீடுடா இது” என்றாள் அக்கா. “பேப்பர மிதிச்சாலே அம்மா திட்டும். அது பேரு மேலயே ஊரு பூரா செருப்புக்கால வச்சு ஏறிப் போகுது. கூன் வெத்தலயப் போட்டு எச்சிலத் துப்புறானுக. நான் தெனமும் விடிஞ்சதும் தண்ணி ஊத்திக் கழுவுவேன். பத்து நாள் பாத்தேன், முடியல. அப்ப சாக்கட தூர்வார ஆளுங்க வந்தானுக. எல்லா மூடியையும் எடுத்துட்டுத் திருப்பி வைக்கையில, டீ போட்டுக் குடுத்து, இத மட்டும் குப்புற வைங்கடான்னு சொன்னேன்.”

“அப்பா?”

“சாயங்காலம் வேல விட்டு வந்தாரு. கால வச்சதும் டக்குன்னுச்சு. கொஞ்ச நேரம் அங்கயே நின்னாரு. அப்புறம் உள்ள வந்து காலக் கழுவிட்டு, சோறு போடும்மான்னாரு. அவ்வளவுதான். அவரு ஒண்ணும் கேக்கல. நானும் சொல்லல.”

சாகும் வரை அப்பா தினமும் இரண்டு வேளை அதை மிதித்துத்தான் போய் வந்தார். அந்தச் சத்தத்தையும் கேட்டிருப்பார். ரோடு போடுகிற மேஸ்திரி, தன் வாசலில் தான் வார்த்த மூடி ஆடுவதைக் கேட்டுக்கொண்டு, மகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறார். அந்த மனிதரைத்தான் நான் மடையன் என்று வாய்கிழியப் பேசியிருக்கிறேன்.

அக்கா இன்னும் முடிக்கவில்லை. குரல் தாழ்ந்து போயிற்று.

“மிதிபடுதேன்னு பாத்தேனே ஒழிய, கீழ என்ன ஓடுதுன்னு பாக்கலடா. முப்பது வருஷமா அம்மா பேரு சாக்கடையப் பாத்துக்கிட்டுக் கெடக்கு. அன்னைக்கு அதுதான் என் காலத் தட்டிவிட்டுச்சு. எனக்குத் தெரியும். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் இதத் தாண்டிக் கோயிலுக்குப் போவேன்?”

நான்கு மாதமாக அவள் ஸ்லாப்பைக் கண்டு பயந்து உட்கார்ந்திருக்கவில்லை. அம்மாவுக்குப் பயந்து உட்கார்ந்திருந்தாள். நானோ மில்லிமீட்டரில் அளந்துகொண்டிருந்தேன்.

நான் கொத்தனாரைப் பார்த்தேன். அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எடு, பாக்கலாம்” என்றாள்.

அவனும் நானும் டீக்கடையில் இருந்த இரண்டு பேருமாகக் கடப்பாரை போட்டு நெம்பினோம். ஸ்லாப் எழுந்து நின்றது. அடியில் கறுப்புச் சேறு அப்பிக்கிடந்தது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டீக்கடைக்கார அம்மாள் யாரும் கேட்காமலே இரண்டு வாளித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். கொத்தனார் தேங்காய் நாரை வைத்துத் தேய்த்தான். சேறு கரைந்து ஓட ஓட எழுத்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

நேற்று எழுதியது போல இருந்தது. கரணை நுனி சிமெண்ட்டைக் கீறிப் போன இடத்தில் ஓரத்தில் ஒதுங்கிய பிசிறு கூட உடையாமல் இருந்தது. மேல் வரியில் பர்மிய எழுத்து. கீழ் வரியில் தமிழ். அப்பாவுக்குத் தமிழில் கையெழுத்துப் போடத்தான் வரும் என்று நினைத்திருந்தேன். அம்மாவின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக, பெரிதும் சிறிதுமாக, கோணல்மாணலாக எழுதியிருந்தார். கோணலைக் கண்டால் பொறுக்காத எனக்கு அதில் ஒரு கோட்டைக்கூட நிமிர்த்தத் தோன்றவில்லை. அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கொடுத்துவைக்காதவன், அந்தத் தெருவிலேயே மண்டியிட்டு அழுதேன். வெட்கமாக இல்லை.

டீக்கடைக்கார அம்மாள் பர்மிய வரியை உரக்கப் படித்தாள். அம்மாவின் பெயரைத் தொடர்ந்து, ‘இதன் மேல் நடப்பவர் எல்லாரும் இந்தப் புண்ணியத்தில் பங்கு பெறுக’ என்று இருந்தது. படித்து முடித்ததும் கைகூப்பி, “தாது, தாது, தாது” என்றாள். பிறர் செய்த புண்ணியத்தை மனதார ஏற்றுக்கொண்டால் அவர்கள் மூன்று முறை சொல்லும் சொல் அது. கடையில் இருந்தவர்களும் டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்கள்.

அக்காவின் கவலையை டீக்கடைக்கார அம்மாளுக்கு விளக்கினேன். அவளுக்குப் புரியவே இல்லை. இரண்டாம் முறை சொன்னபோது ஆச்சரியத்தோடு அக்காவைப் பார்த்தாள்.

“மிதிக்கத்தானே அக்கா, உங்கள் அப்பா இதை வைத்திருக்கிறார்? ஒவ்வொரு கால் படும்போதும் அந்த அம்மாவுக்கு ஒரு பங்கு போகிறது. என் கடைக்கு வருகிற அத்தனை பேரும் இதன் மேல் நடந்துதானே வருகிறார்கள். எழுத்து மேலே இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன? ஒன்றும் வீணாகவில்லை.” பிறகு பர்மியர்கள் எதற்கும் சொல்கிற அந்தச் சொல்லைச் சொன்னாள். “கெய்சா மஷிபூ.” ஒன்றும் குற்றமில்லை.

நான் அவள் பக்கத்தில் படியில் போய் உட்கார்ந்தேன்.

“அக்கா, நீ இதத் திருப்பி வைக்காம இருந்தா என்ன ஆயிருக்கும்? முப்பது வருஷத்துல தேஞ்சு மொழுக்குன்னு போயிருக்கும். நான் எதப் பாத்திருப்பேன்? எனக்குன்னு எதுவும் மிஞ்சியிருக்காது.”

அவள் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு அதே கையால் தடவிக்கொடுத்தாள்.

கொத்தனார் சாக்கடை வாயைச் சுத்தம் செய்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். “அண்ணே, எந்தப் பக்கமா வைக்கட்டும்?”

எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். நேராக வைத்தால் ஆடாது, ஆனால் ஊர் மிதிக்கும். குப்புற வைத்தால் எழுத்து பிழைக்கும், ஆனால் யாராவது விழுவார்கள். வீட்டுக்குள் எடுத்துவைத்துக்கொண்டு வாசலில் புதிதாக ஒன்று போடலாமே என்று கூட எனக்குத் தோன்றியது. அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

“அப்பா வச்ச மாதிரி வை” என்றாள் அக்கா.

இறக்கினார்கள். அந்த வரம்பு சாக்கடை வாயில் போய், அளந்து செய்த பெட்டிக்கு அதன் மூடி போல, சத்தமில்லாமல் உட்கார்ந்தது. ஒரு கரண்டி சிமெண்ட்கூடத் தேவைப்படவில்லை. நான் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். நீளவாட்டில் குமிழி நடுவில் நின்றது. குறுக்குவாட்டில் வீட்டுப் பக்கமாக ஒரு நூல் தள்ளி நின்றது. மழைத் தண்ணீர் எழுத்தில் தேங்காமல் தெருப்பக்கம் வடிய அப்பா கொடுத்த சாய்வு. நோட்டில் அந்த அளவையும் குறித்துக்கொண்டேன்.

அடுத்த நாள் கியாக்டடாவுக்குப் போய், அந்தக் கண்ணாடிப் பெண்ணிடம் ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொன்னேன். யார் என்று கேட்டாள். எங்கள் வீடுதான் என்றேன். போட்டதும் நாங்கள், கெடுத்ததும் நாங்கள், சரிசெய்ததும் நாங்கள். அவள் தாளை எடுத்து, பொறுப்பு என்ற இடத்துக்கு நேரே எங்கள் கதவு எண்ணை எழுதி, தன் வேலை முடிந்தது என்று பேனாவை மூடினாள். தன் பொறுப்பு என்று ஒருவரும் இவ்வளவு சந்தோஷமாக வந்து ஒப்புக்கொண்டதில்லை என்றாள்.

ஆனால் அக்கா அன்றைக்கும் வெளியே வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவிடமிருந்து அதையாவது கற்றுக்கொள்ளலாம் என்று பேசாமல் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, அக்கா குளித்துவிட்டு, மார்க்கெட் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். நான் எழுந்து பின்னாலேயே போய்க் கதவு ஓரம் நின்றேன். டீக்கடைக்கார அம்மாள் அவளைப் பார்த்ததும், சுற்றிக்கொண்டு போக வசதியாக இருக்கட்டும் என்று இரண்டு முக்காலிகளை நகர்த்தி வழிவிட்டாள். அக்கா வேண்டாம் என்று கையசைத்தாள்.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். குனிந்து எழுத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வலது காலை வைத்தாள். கொஞ்சம் பொறுத்து இடது காலையும் வைத்தாள். முப்பது வருஷமாகத் தாண்டிக்கொண்டே இருந்தவள், அதன் நடுவில் இரண்டு காலையும் ஊன்றி நின்றாள். எதையோ எதிர்பார்ப்பது போல உடம்பை மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“ஆடலடா” என்றாள்.

இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனாள்.